மடுவில் மட்டும் பழுத்த பாலை

காட்டில் என்னுடைய வேலை, எந்த மரம் இருக்கிறது, எது செத்துவிட்டது என்று பார்ப்பது. பல்கலைக்கழகப் படிப்பு முடிந்த கையோடு கிடைத்தது. "மரம் செத்தா விறகு. அதைப் போய்ப் பார்க்கிறதும் ஒரு உத்தியோகமா?" என்று அம்மா கேட்டா. குருக்கள்மடத்தில் விடிய பஸ் ஏறி, மட்டக்களப்பில் மாறி, மாங்கேணியில் இறங்குவேன். அங்கே ஒருவர் மோட்டார் சைக்கிளோடு நிற்பார். காட்டோரக் குடியிருப்பைச் சேர்ந்தவர், ஐம்பதை நெருங்கும் வயது. பாதை வெட்டவும் நாடா பிடிக்கவும் அவரைத்தான் எங்கள் பேராசிரியர் ஏற்பாடு செய்திருந்தார். நான் அவரை அண்ணன் என்றேன். அவர் என்னைக் கடைசிவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்.

காட்டுக்குள் ஒரு துண்டு நிலத்தைக் கயிறு பிடித்து அளந்து அடையாளம் வைத்திருந்தோம். அதற்குள் ஓரளவு பருத்த மரம் ஒவ்வொன்றிலும் இலக்கம் அடித்த தகடு தொங்கும். ஒவ்வொரு கோடையிலும் போய், நெஞ்சு உயரத்தில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். எது பருத்தது, எது பட்டுப்போனது, புதிதாக எது தலை தூக்கியது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பல வருசங்கள் தொடர்ந்து பார்த்தால் ஒரு காடு பெருகுகிறதா, அருகுகிறதா என்று தெரிந்துவிடும்.

மரங்களின் குணம் எனக்கு நாடா பிடித்துத்தான் பிடிபட்டது. ஒதி ஒரு மாரிக்குள் விரல் பருமன் கூடிவிடும்; அடுத்த கோடைக்குப் போனால் கரையான் புற்றாகிக் கிடக்கும். ஒதி பெருத்தால் உத்தரமாகாது என்று ஊரில் ஆட்களைத்தான் சொல்வார்கள். காட்டில் அது வெறும் உண்மை. பாலை அப்படியில்லை. வருசத்துக்கு ஒரு நூல் பருமன்கூடக் கூடாது. எல்லாம் உள்ளே வைரமாகப் போகும். அளந்த அளவே திரும்பத் திரும்ப வரும்போது, நாடாதான் பிழையோ என்று அண்ணன் இழுத்துப் பார்ப்பார்.

எங்கள் துண்டில் பாலைமரங்கள் பெரிதாகவும் நிறையவும் நின்றன. பார்ப்பவர்களுக்குச் செழிப்பான காடு. எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்கக்கூடிய கிழட்டு மரங்கள்தான் எல்லாம். இடைப்பட்டவை இல்லை. கன்று அதைவிட இல்லை. மாரியில் ஆயிரமாய் முளைக்கும். கோடையில் காயும். தப்பினதைப் பட்டிமாடு கடிக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கன்றுகள் நின்றன. துண்டின் மேற்கு மூலையில் நிலம் இறங்கி ஒரு மடு. கடும் கோடையிலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். மடுவைச் சுற்றிக் காரையும் சூரையுமாக முள்ளுப்பற்றை. அதற்குள் தவழ்ந்து போய்த்தான் அவற்றைக் கண்டேன். முழங்கால் உயரம், சில இடுப்பளவு. முள் மாட்டைத் தடுத்திருந்தது. நிழல் ஈரத்தைக் காத்திருந்தது. முதுகெல்லாம் கீறலோடு வெளியே வந்து, "அண்ணன், பாலைக்கன்று இரிக்கு" என்று கத்தினேன்.

"ஒரு கன்றுக்கா இவ்வளவு கத்து?" என்று அவர் சிரித்தார். "நான் பாம்பு கொத்திட்டு எண்டு நினைச்சன்." பிறகு ஒவ்வொரு கன்றிலும் கம்பியால் சின்னத் தகடு கட்டினோம்.

அவருடைய மனைவியை அக்கா என்பேன். நான் அவவை முதலில் பார்த்தது ஒரு மரத்தின் உச்சியில். ஆனி ஆடியில் பாலைப்பழம் பறித்துத் தெருவோரத்தில் விற்பது அந்தக் குடியிருப்பில் பல வீடுகளுக்கு வருமானம். அக்காவைப் போல ஏறுகிறவர்கள் குறைவு. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினாவென்றால் கொப்பு ஆடுவதுதான் தெரியும். அவர்களுடைய மகள், பழம் விழக் கீழே படங்குச் சீலையை விரித்துப் பிடிப்பாள். "மிஸ், இந்த மரத்துக்கு என்ன இலக்கம்?" என்று மேலே இருந்து அக்கா கேட்பா. சொன்னால், "அப்ப அதுக்கிட்டச் சொல்லிட்டுப் பறிக்கிறன்" என்று சிரிப்பா. பல்லெல்லாம் தெரிகிற, ஒளிவு மறைவில்லாத சிரிப்பு.

பிறகு மாரி பொய்த்தது. அடுத்த மாரியும் சரியாக வரவில்லை. மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று மாதக்கணக்கில் அடித்தது. நாங்கள் அளக்கப் போனபோது காட்டுக்குள் வெளிச்சம் விழுந்து கிடந்தது. கல்லுத்தரையில் மண் ஒரு சாண்தான். அங்கே நின்ற ஒதிகளும் விண்ணாங்குகளும் முடிந்துபோயின. வீரை இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. பாலை சாகவில்லை. ஆனால் மேட்டில் நின்ற ஒன்றும் காய்க்கவில்லை. உயிரை வைத்திருப்பதற்கே அவற்றுக்குச் சரியாக இருந்தது. மடுவுக்குள் வேர் இறங்கிய சில மரங்கள் மட்டும், அந்தப் பெரிய காட்டில் அவை மட்டும், மஞ்சள் மஞ்சளாய்ப் பழுத்துக் குலுங்கின.

அந்த வருசம் மனிதருக்கும் வேறு பழம் இல்லை. கரடிக்கும் இல்லை. தண்ணீரும் அங்கேதான். இதை இப்போது ஒரு வரியில் எழுத முடிகிறது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காலை நேரம். நானும் அண்ணனும் மேட்டில் அளந்துகொண்டிருந்தோம். அக்காவும் மகளும் மடுவுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் பேசுவது இடைக்கிடை எங்களுக்குக் கேட்டது. பிறகு ஒரு உறுமல். நான் யானை என்று நினைத்தேன். அதற்கு மேலாக மகள் கத்தினாள். வார்த்தை இல்லை, சத்தம் மட்டும். அண்ணன் கத்தியோடு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

நாங்கள் போகும்போது கரடி போய்விட்டது. மகள் தகர வாளியைக் கல்லில் அடித்துக்கொண்டே நின்றாள். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. அக்கா படங்கின் மேல் குந்தியிருந்தா. பழங்களுக்கு நடுவில். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தா. அண்ணன் கைகளைப் பிடித்து விலக்கினார். விலக்கியவர், திரும்பவும் அதே இடத்தில் அந்தக் கைகளைக் கொண்டுபோய் வைத்தார்.

என்னுடைய சால்வையைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். எது கண், எது கன்னம் என்று பார்த்துக் கட்டவில்லை. படங்கின் நாலு மூலையையும் தடியில் முடிந்து, மூன்று பேருமாகத் தூக்கினோம். பாதை முடிகிற இடத்தில் ஒரு உழவு இயந்திரம் அகப்பட்டது. தெருவுக்கு வந்த பிறகு அம்புலன்ஸ். வழி முழுக்க அக்கா ஒரு சத்தமும் போடவில்லை. மகள்தான் கதைத்துக்கொண்டே வந்தாள்: "பத்தைக்குள்ள படுத்திருந்தது. நாங்க காணல்ல. பத்தைக்குள்ள படுத்திருந்தது."

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் அக்காவைக் காப்பாற்றினார்கள். இடது கண் போய்விட்டது. மூக்கும் அந்தப் பக்கத்துக் கன்னமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்து ஒட்டப்பட்டன. ஊருக்குப் போகும் வழியில் நான் அவவின் நோயாளர் விடுதிக்குப் போவேன். கட்டுக்குள்ளிருந்து தெரிகிற ஒற்றைக்கண் என்னைப் பார்க்கும். கதைக்க முடிந்த முதல் நாள், அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டா. "பழமெல்லாம் கொட்டுண்டு போச்சா?" என்று கேட்டா. நான் ஓம் என்றேன்.

வேலை பாதியில் நின்றிருந்தது. சில வாரம் கழித்துத் திரும்பப் போனேன். மேட்டிலிருந்து இறங்கும்போதே மணம் வந்தது. மடுவைச் சுற்றி ஒரு பற்றை இல்லை. எல்லாவற்றையும் வெட்டி, காயவிட்டு, நெருப்பு வைத்திருந்தார்கள். கச்சான் அதை மேட்டின் பாதிவரை கொண்டுபோயிருந்தது. பெரிய பாலைகள் அடிப்பட்டை கருகி நின்றன. பட்டை தடித்த மரம், தாங்கும். கன்றுகள் நின்ற இடத்தில் சாம்பலைக் கையால் விலக்கிப் பார்த்தேன். கரிக்குச்சிகள் இருந்தன. ஒன்றில் தகட்டுக் கம்பி மட்டும் சுருண்டு கிடந்தது.

அண்ணன் எனக்குப் பின்னால் நின்றார்.

"ஆர் அண்ணன் செய்தது?"

"ஊராக்கள் எல்லாரும் வந்தாங்க, மிஸ்." பிறகு, "முதல் வெட்டு நான்தான் வெட்டினன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. கன்று இருக்கிறது என்று நான் கத்தியதற்குச் சிரித்த மனிதர் அவர். அவருக்கு இடம் தெரியும். "அதுக்குள்ள என்ன நிண்டது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டேன்.

"தெரியும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "அதுக்குள்ள என்ன படுத்திருந்தது எண்டும் தெரியும். திரும்பப் பழுத்தா என்ர பிள்ளை அங்கதான் போகோணும். மேட்டுல பழம் இல்ல. நீங்க சொல்லுங்க மிஸ், நான் எதைப் பாக்கிற?"

இருவரும் நாடாவை எடுத்துக்கொண்டு கருகிய மரங்களை அளந்தோம். அளவு மாறியிருக்கவில்லை. சாவுக்குக் காரணம் எழுதுகிற இடத்தில், கன்றுகளுக்கு, தீ என்று எழுதினேன். அது பொய் இல்லை. மழை வராதது, மரம் மெதுவாக வளர்வது, மாடு, முள், கரடி, ஒரு பெண்ணின் முகம், ஒரு தகப்பனின் பயம், இத்தனைக்கும் அங்கே இடம் இல்லை. பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பெரிய மரங்கள் இன்னும் நூறு வருசம் நிற்கும்" என்றார் அவர். ஆறுதலாகத்தான் சொன்னார். நூறு வருசம் நின்று, பிறகு ஒன்றாகச் சாகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மகள் அந்த மடுவுக்குத் திரும்பப் போகவேயில்லை. அடுத்த மாரிக்கு முன் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அக்காவுக்கு இன்னும் சத்திரசிகிச்சைகள் மிச்சம் இருந்தன. மாங்கேணியில் பஸ்ஸுக்கு நின்ற அவளை நான் தற்செயலாகக் கண்டேன். புதுப் பை. முழங்கையில் பழைய முள்ளுக் கீறல்கள். "அம்மாவப் பாத்துக்கொள்ளுங்க மிஸ்" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கோடையில் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகிற ஒருத்தி வேறு எதைச் சொல்வது?

மாரி அந்த முறை நன்றாகப் பெய்தது. மறுகோடையில் எரிந்த நிலம் பச்சையாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். புல்லும், என் தோளுக்கு மேல் வளர்ந்த ஒதியும். வெயில் பட்ட இடத்தை வேகமாக வளர்கிறவைதான் முதலில் பிடிக்கும். பாலை முளைத்திருந்தது. அதைத் தேடி மாடு உள்ளே வந்திருந்தது. இப்போது தடுக்க முள் இல்லை. கணக்கின்படி எங்கள் துண்டில் மரங்கள் கூடியிருந்தன. அதைப் பார்த்து யாராவது காடு தேறிவிட்டது என்று சொல்லக்கூடும்.

மேட்டு மரங்களும் அந்த வருசம் காய்த்தன. அண்ணன் தனியாகப் பறித்தார். அவருக்கு அக்காவைப் போல ஏற வராது. கொப்பை வெட்டி விழுத்தினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், தடுக்கவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து தெருவுக்கு வந்தபோது அக்கா அங்கே இருந்தா. வெளியே வரமாட்டேன் என்று கிட்டத்தட்ட ஒரு வருசமாக வீட்டுக்குள் இருந்தவ. ஒரு பிளாஸ்டிக் கதிரை, முன்னால் கூடை, கூடையில் பழம். தலையில் முக்காடு. நான் பக்கத்தில் மணலில் குந்தினேன்.

"பஸ் வரப் போகுது, நீங்க போங்க தங்கச்சி" என்றா. அதுவரை மிஸ் என்றவ. அந்த மாற்றத்தை அவவே கவனித்ததாகத் தெரியவில்லை.

"அடுத்த பஸ்ல போறன் அக்கா."

திருகோணமலைப் பக்கமிருந்து ஒரு வான் வந்து ஓரம் கட்டியது. முன்னிருக்கையில் இருந்த பெண் கண்ணாடியை இறக்கினா. பழத்தைப் பார்த்தா, பிறகு அக்காவைப் பார்த்தா. பின்னால் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. அந்தப் பெண் முகம் சிவந்து, மன்னிப்புப் போல ஏதோ சொல்லி, கண்ணாடியை ஏற்றினா. வான் போய்விட்டது. புழுதி பழத்தில் படிந்தது. அக்கா சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தா.

"சின்னப் பிள்ளைகள் பயப்படுந்தானே" என்றா. "என்ர பிள்ளையே முதல்ல பயந்தாள்."

அதற்குப் பிறகு வந்த ஓட்டோவும் வேகத்தைக் குறைத்துவிட்டு நிற்காமல் போனது. நான் எழுந்து கூடைக்கு முன்னால் நிற்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை அசைத்தா. கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு எழும்பி, கதிரையைத் தூக்கி, பக்கவாட்டில் திருப்பிப் போட்டு அதில் அமர்ந்தா. இப்போது தெருவுக்குத் தெரிந்தது வலது கன்னம் மட்டும். கல் வைத்த தோடும், நரை ஓடாத காதோர மயிரும். அழகான முகம். இடது பக்கம் என் பக்கமாக இருந்தது. அதை எனக்கு மறைக்க அவ முயலவில்லை.

பிறகு வந்த கார் நின்றது. கிழவர் ஒருவர் இறங்கி, ஒரு சுண்டு பழம் கேட்டார். அக்கா தலையைத் திருப்பாமலே, கையால் தடவிச் சுண்டை எடுத்து, குவித்து அளந்து கொடுத்தா.

"பழத்துப் பால் வாயில ஒட்டும் ஐயா. சொண்டில கொஞ்சம் எண்ணெய் பூசிட்டுச் சாப்பிடுங்க" என்றா.