உப்பு அலமாரிக் கதவில் ஒரு சொட்டு

1938 மார்ச் 14, திங்கட்கிழமை. அன்றைய நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ஐந்தரைக்கு எழுந்தேன். பிரஷ் மூன்றையும் டர்பன்டைனில் அலசித் துடைத்தேன். பெயின்டை மல்துணியில் வடிகட்டினேன். ஆறரைக்குச் சமயநல்லூரிலிருந்து சைக்கிள். ஏழே முக்காலுக்கு மதுரையில் வக்கீல் வீடு. முதுகுவலி.

அந்த வீட்டுச் சமையலறை அலமாரிக்குச் சுவர் அகலத்துக்குப் பன்னிரண்டு கதவுகள். மிச்சம் கிடந்த பெயின்டையெல்லாம் அவ்வப்போது பூசியதில் ஒன்று பச்சை, ஒன்று காவி, ஒன்று நீலம் என்று இருந்தது. வக்கீலின் மனைவி சென்னையில் ஏதோ பங்களாவில் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் ஒரே தந்த நிறத்தில் வேண்டும் என்றார். கதவுகளைக் கழற்றிக் கொல்லையில் வைத்து அடிப்பதுதான் முறை. பூனை உள்ளே வரும் என்று அந்த அம்மா சம்மதிக்கவில்லை. சமையலும் நிற்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைச் சோடாவில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளங்களைப் பட்டி வைத்து அடைத்து, சனிக்கிழமை முதல் கோட் முடித்திருந்தேன். எல்லாம் அடுப்புப் புகையில் இருமிக்கொண்டேதான்.

திங்கட்கிழமை காலையில் அம்மா என்னிடம் அலுத்துக்கொண்டார்.

"நேத்து பாயசத்துல உப்பு, மேஸ்திரி. சாமிக்குப் படைச்சப்பறம்தான் தெரிஞ்சுது. இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா பரமனை அனுப்பிட்டு வேற ஆள் பாக்கச் சொல்லிட்டார் அய்யா."

பரமன் அந்த வீட்டுச் சமையல்காரர். ஐம்பது வயதுக்கு மேல். படைக்குமுன் ருசி பார்ப்பது அந்த வீட்டில் கூடாது. எனக்கென்ன என்று ரெண்டாம் கோட்டை ஆரம்பித்தேன். ஒரு மணிக்குப் பன்னிரண்டாவது கதவு முடிந்தது. ஒரு சொட்டு இல்லை, ஒரு பிரஷ் கோடு இல்லை. கொல்லையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தால் ஐந்து கதவுகளில் விரல் தடம். ஈரப் பெயின்டில் ஓரம் ஓரமாகத் தடவித் தடவிப் போயிருந்தது. அடுப்படியில் பரமன் நின்றார். அவர் விரல்களில் தந்த நிறம்.

"ஏண்ணே, ஈரம்னு சொல்லிட்டுத்தானே போனேன்? கண்ணு எங்க இருந்துச்சு?"

"அதான் இல்லையே, மாப்ள" என்றார்.

கேலி என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை. நெறம் மட்டும் மசமசன்னு தெரியும். பச்சைன்னா உப்பு, காவின்னா சீனி. நீ அம்புட்டையும் ஒண்ணாக்கிப்புட்ட."

"எண்ணித் தொறக்கலாம்ல?"

"கதவு எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையே. தடவி எண்ணுறதுக்குள்ள அடுப்புல பொங்கிருது. உள்ள ரெண்டும் ஒரே மாதிரி ஜாடி. சித்திரைத் திருவிழா முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போயிக் கண்ணை அறுத்துக்கிறேன். அதுவரைக்கும் இந்த வேலை நிக்கணும். அம்மாட்ட சொல்லிறாத."

"அறுத்தாத் தெரியுமா?"

"தெரியலைன்னா நீ அடிச்ச அழகப் பாக்கக் குடுத்து வைக்கல, போ."

ஐந்து கதவுகளையும் திரும்ப அடிக்க வேண்டுமே என்பதுதான் அப்போது மனதில் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வேலையை இரண்டு முறை செய்ததில்லை. சாயங்காலம் சைக்கிளில் வரும்போது காற்று எதிர்த்து அடித்தது. வழியெல்லாம் பரமனின் விரல்கள்தான் ஞாபகத்தில் இருந்தன.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். ஒரு வீட்டின் பழைய நிறத்தைச் சுரண்டுமுன், அதை வைத்து யார் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, உப்புக் கதவைத் தேய்த்துக் கோட் கொடுத்தேன். பிறகு பிரஷை முழுக்க நனைத்து, குமிழுக்குக் கீழே ஒரு சொட்டு வழியவிட்டு, அப்படியே காயவிட்டேன். சீனிக் கதவில் இரண்டு. காய்ந்ததும் விரலால் தடவிப் பாருங்க என்று பரமனிடம் மட்டும் சொல்லிவைத்தேன்.

காப்பி கொண்டுவந்த அம்மா குனிந்து பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, இங்க சொட்டு நிக்குதே?"

"கை நடுங்கிருச்சும்மா."

"உங்களுக்கும் வயசாயிருச்சு" என்றார்.

"ஆமாம்மா" என்று அடுத்த கதவுக்குப் போனேன்.