செங்கல் என்க

தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வெறும் காற்று 'புஸ்'ஸென்று வரும். அந்தச் சத்தம் கேட்டதும் முதலியார்பேட்டையில் எங்கள் தெருவே குடத்தோடு ஓடிவரும். ஆனால் அதற்கு முன்பே வரிசை நின்றுகொண்டிருக்கும். மனிதர்கள் இல்லை; அரைச் செங்கல், அறுந்த செருப்பு, ஓட்டை வாளி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் வீட்டுச் செங்கல்லை வரிசையில் வைப்பது என் வேலை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய 'சொல்தா' வீட்டில் மட்டும் தனிக் குழாய். மற்ற எல்லாருக்கும் செங்கல்தான். ஒரு செங்கல்லுக்குரியவர் எத்தனை குடத்தோடு வருவார் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் அதை ஒருவரும் தள்ளிவைக்க முடியாது. "கல்லு நின்னா ஆளு நின்ன மாதிரி" என்பார்கள் தெருப் பெண்கள். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

எட்டாம் வகுப்பில் கணக்கு சார் கரும்பலகையில் 'x என்க' என்று எழுதியபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் இந்த x, அதை நான் ஏன் 'என்க' வேண்டும்? எழுந்து கேட்டதற்கு அவர் சிரித்தார். பின்பெஞ்சில் நாங்கள் ஆறு பெண்கள், எல்லாரும் மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். "உங்களுக்கு வாக்கியக் கணக்கு வேணாம். கூட்டல் பெருக்கல் போட்டுப் பாஸ் பண்ற வழியப் பாருங்க" என்று சொல்லிவிட்டு முன்பெஞ்சுப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாக்கியக் கணக்கை விட்டால் பாஸாவதே சந்தேகம். ஃபெயிலானால் தையல் கடைக்குத்தான் என்று அம்மா ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது.

அன்று மாலை வரிசையில் என் செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னாடி, கல்லப் போயி மொறைக்கிற?" என்றாள் செல்வி, எங்கள் ஆறு பேரில் ஒருத்தி. "இதான்டி எக்ஸு" என்றேன். எவ்வளவு என்று தெரியாது, ஆனால் இடம் உண்டு. ஆள் வந்ததும் எடுத்துவிடலாம். அன்றிலிருந்து குழாயடிதான் எங்கள் வகுப்பு. 'தாயின் வயது மகளின் வயதைப் போல் மூன்று மடங்கு. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இரண்டு மடங்கு' என்ற கணக்குக்கு, மகளுக்கு ஒரு செங்கல்லும் தாய்க்கு மூன்று செங்கல்லும் வைத்தோம். நான் உட்பட ஐந்து பேர் அந்தப் பன்னிரண்டைத் தாய்க்கு மட்டுமே கூட்டினோம். எங்கள் தெருவில் வயதானது அம்மாக்களுக்கு மட்டும்தானே! செல்விதான் கத்தினாள். "வரிசை நகந்தா உன் கல்லு மட்டுமா நகரும்? பொண்ணுக்கும் பன்னெண்டு போடுடி!" போட்டு, மகள் பக்கத்தை இரட்டிப்பாக்கினோம். ஒரு பக்கம் மூன்று செங்கல்லும் பன்னிரண்டும், மறு பக்கம் இரண்டு செங்கல்லும் இருபத்து நான்கும். இரு பக்கமும் இரண்டிரண்டு செங்கல்லையும் பன்னிரண்டையும் எடுத்தால், மிஞ்சிய ஒரு செங்கல்லுக்குப் பன்னிரண்டு. "ஆளு வந்தாச்சி!" என்று செல்வி அந்தக் கல்லைத் தூக்கிக் காட்டினாள்.

அரையாண்டுத் தேர்வில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. நான் x எழுதவில்லை. சின்னதாக ஒரு செங்கல் வரைந்து, 'செங்கல் என்க' என்று தொடங்கினேன், வேண்டுமென்றேதான். தாள் திரும்பி வந்தபோது அதற்கு முட்டை மதிப்பெண். எடுத்துக்கொண்டு நேரே சாரிடம் போனேன்.

"விடை சரிதானே சார்?"

"விடை சரி. முறை தப்பு."

"எக்ஸுக்குப் பதிலா ஒய் போட்டா மார்க்கு உண்டா சார்?"

"உண்டு."

"அப்ப செங்கல்லுக்கு ஏன் சார் இல்ல?"

"திமிரா? வெளிய போய் நில்லு" என்றார். நின்றேன். சற்று நேரத்தில் செல்வி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள், பிறகு மற்ற நால்வரும். அவர் கடைசி வரை அந்த மதிப்பெண்ணைப் போடவில்லை. ஆனால் மறுநாள் வாக்கியக் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமலே, "பின்பெஞ்சும் போடணும்" என்றார். முழுப்பரீட்சையில் ஆறு பேரும் ஒழுங்காக x என்றே எழுதினோம், ஆறு பேரும் பாஸானோம். செல்வியை மட்டும் பாஸான பிறகும் தையல் கடைக்குத்தான் அனுப்பினார்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது கருவடிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நானே கணக்கு டீச்சர். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது, குழாயடி இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். செங்கல் வைத்து இடம்பிடித்த கதையைச் சொன்னால் பிள்ளைகள் நம்பாமல் சிரிக்கிறார்கள். அதனால், "எக்ஸுக்குப் பதிலா உனக்குப் பிடிச்சத வெச்சிக்கோ" என்று சொல்லிவிடுகிறேன். போன தேர்வில் ஒரு பெண் வட்டமாக வரைந்து 'வளையல் என்க' என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். தாள்களைச் சரிபார்த்த மூத்த ஆசிரியர், "இன்னா டீச்சர், எக்ஸு எங்க?" என்றார். "வளையல் நிக்குதே சார்" என்றேன். அவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.