முத்தம்மாவின் பெருவிரல் சீட்டு

மர்பி டவுனில் முத்தம்மாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷி என்பார்கள். என்னைக் கேட்காதீர்கள். நான் எதிர்க்கடை தனக்கோடி. பதினெட்டு வருஷமாக அவளைப் பார்த்து வயிறு எரிகிறவன்.

ஆம்பூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் போன பிறகு இரண்டு முட்டைத் தட்டோடு கடையை ஆரம்பித்தாள். கையெழுத்துப் போடத் தெரியாது. நானோ பி.யு.சி. படித்தவன், கண்ணாடி அலமாரி வைத்த மளிகைக் கடை. ஆனாலும் கூட்டம் அங்கேதான்.

ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பரில் தெருவில் சில்லறையே இல்லை. முத்தம்மா பழைய அட்டைப் பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, பெருவிரல் ரேகை வைத்து, மீதிக் காசுக்குப் பதில் கொடுத்தாள். நீல ரேகை ஐந்து ரூபாய், சிவப்பு பத்து. கறிக்கடையில் வாங்கினார்கள், ஆட்டோக்காரர்கள் வாங்கினார்கள். என் கடையிலேயே அதை நீட்டினார்கள். வியாபாரம் போய்விடுமே என்று வாங்கித் தொலைத்தேன்.

நானும் விடவில்லை. கடைப் பெயர், நம்பர் எல்லாம் போட்டுப் பத்து ரூபாய்ச் சீட்டு அச்சடித்தேன். முறைப்படி இருக்கட்டும் என்று கீழே 'டிசம்பர் 31 வரை செல்லும்' என்றும் போட்டேன். அங்கேதான் கெட்டது.

"இதுக்கும் கடைசித் தேதியா? ஆள விடு சாமி," என்று ஆட்டோ பிரகாஷ் என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனான். அதற்குள் நூற்றுச் சொச்சம் சீட்டு மீதிக் காசாக வெளியே போயிருந்தது. பிறகு என் சீட்டை ஒருவரும் தொடவில்லை.

டிசம்பர் இருபதாம் தேதி காலை. முத்தம்மா சரக்கு எடுத்துவிட்டுக் கையில் காசில்லாமல் உட்கார்ந்திருந்தாள். நேரம் பார்த்து, என்னிடம் சேர்ந்திருந்த அவள் சீட்டையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினேன். ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். நாலு பேர் முன்னால் கையை விரித்தாளானால் அவள் சீட்டின் மதிப்பு அன்றோடு போய்விடும்.

அவள் நிதானமாக எண்ணினாள். பிறகு ஒரு பிஸ்கட் டின்னை என் பக்கம் தள்ளினாள். உள்ளே முழுக்க என் சீட்டு. ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு.

"யாரும் வாங்கலன்னு ஜனங்க இங்க கொண்டாந்தாங்கண்ணா. நீங்க எங்க போயிடப் போறீங்கன்னு வாங்கி வெச்சேன். கழிச்சிக்கலாமா?"

கழித்தால் அறுபது ரூபாய் நான்தான் பாக்கி. என் பையில் இருந்தது ஒரே ஒரு இரண்டாயிரம் நோட்டு.

"பரவால்லண்ணா, ஆறு சீட்டு என்கிட்டயே இருக்கட்டும். தேதி போனா போவுது."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அந்த ஆறு சீட்டை இன்றுவரை அவள் நீட்டவில்லை. நீட்டித் தொலைத்தால் நான் பழையபடி நிம்மதியாகப் பொறாமைப்படுவேன்.