ஊதாக் கோட்டோடு முப்பது நாள்: குரும்பலூரிலிருந்து திருச்சிக்கு

அப்பாவுக்குத் தொண்டையில் கரண்ட் வைக்க வேண்டும், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து திருச்சிக்குத் தினமும் போய் வர முடியுமா என்று போன பதிவின் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார். முடியும் தம்பி. எண்பத்துநாலாம் வருஷம் ஆடியில் தொடங்கி, என் நாத்தனார் சரோஜாவோடு நான் போய் வந்திருக்கிறேன். கோயில், அருவி என்று ஊரெல்லாம் எழுதியவள் இந்தப் பயணத்தை மட்டும் இத்தனை வருஷம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு.

சரோஜா களை வெட்டப் போகிறவள். பல்வலிக்கென்று புகையிலையைக் கடைவாயில் அடக்கி அடக்கி, அதுவே பழக்கமாகிவிட்டது. பல் ஆடியதும் சந்தையில் பல் பிடுங்குகிறவர் முன்னால் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டாள். மூன்று மாதமாகியும் புண் ஆறவில்லை. பல்லை ஆட்டியதே உள்ளே இருந்த புற்றுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் கோபால்ட் மிஷின் வந்திருந்தது. கத்தி வைக்காமல் கதிரைப் பாய்ச்சிக் கட்டியைக் கரைக்கிற புது வைத்தியம். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் 'கரண்ட் வைக்கிறது'. சனி, ஞாயிறு போக முப்பது நாள். குறி தப்பாமல் இருக்க டாக்டர் அவள் கன்னத்தில் ஊதா மையால் நாலு கோடு போட்டார். "இது அழியக் கூடாது. எண்ணெய், சோப்பு, தண்ணி எதுவும் படக் கூடாது. ஒரு நாள்கூட விடாதீங்க, விட்டா கட்டி திரும்பத் தலைதூக்கும்" என்றார். நான்தான் தலையாட்டினேன்.

குரும்பலூரில் காலை ஐந்தரைக்கு டவுன் பஸ். பெரம்பலூருக்கு அறுபது காசு. ஆறேகாலுக்குத் திருச்சி பஸ், நாலு ரூபாய் முப்பது காசு. பாடாலூர், சமயபுரம் வழியாக அறுபது கிலோமீட்டர், ஒன்றேமுக்கால் மணி நேரம். மிஷினுக்கு அடியில் படுப்பது மூன்றே நிமிஷம். அதற்குக் காத்திருப்பது நாலு மணி நேரம்.

பஸ்ஸில் வெறித்துப் பார்க்காத ஆள் இல்லை. ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டுக்கே போய்விட்டாள். சரோஜா சும்மா விடுவாளா? "என்னா பாக்குற? கோலம் போட்டுருக்கேன், நல்லாருக்கா?" என்றாள். கண்டக்டர் மட்டும் ஒன்றுமே கேட்காமல் எங்களுக்கு டிரைவர் பின்னாலிருந்த சீட்டைப் பிடித்துவைப்பார். "அக்கா, சன்னல்கிட்ட வேணாம், காத்தடிக்கும். இப்புடி உக்காருங்க."

பதினெட்டு நாள் முடிந்தது. கட்டி நன்றாக வற்றியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் கலாவைப் பெண் பார்க்க அரியலூரிலிருந்து வருவதாகத் தகவல்.

"அண்ணி, இந்த மூஞ்சியோட நின்னா எம்மவள எவன் கட்டுவான்? தாய்க்கு வந்தது மவளுக்கும் வரும்னு எந்திரிச்சுப் போயிருவாங்க."

"முந்தானைய இழுத்து மூடிக்க."

"வாய மூடிக்கிட்டு நின்னா, வர்றவங்கள 'வாங்க'ன்னு எப்புடிக் கூப்புடுறது?"

சண்டை போட்டேன். அவள் அழுதாள். அவள் அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கடைசியில் தேங்காயெண்ணெயைச் சூடு காட்டியது நான், பஞ்சில் தொட்டுக் கோட்டைத் துடைத்ததும் நான். திங்கட்கிழமை போனால் திரும்பப் போட்டுவிட மாட்டார்களா என்று ஓர் அசட்டுத் தைரியம். வந்தவர்கள் நன்றாகப் பேசினார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை மிஷின்காரர் அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா அழிச்சது? டாக்டர் வெளியூர் போயிருக்காரு. கோடு இல்லாம நான் மிஷினப் போட முடியாது." தினமும் போனோம், தினமும் வெறுமனே திரும்பினோம். பதினோரு நாள் போய்விட்டது. டாக்டர் வந்ததும் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கோடு போட்டார். மீதிப் பன்னிரண்டு நாளும் முடிந்தது. கார்த்திகையில் கன்னம் திரும்ப வீங்கிவிட்டது. அழிக்காமல் இருந்திருந்தாலும் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அது எனக்கு ஆறுதலாக இல்லை, இன்றைக்கும் இல்லை.

தை மாதம் அரியலூரில் கல்யாணம். பெரம்பலூரிலிருந்து முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சரோஜாவுக்குக் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. மண்டப வாசலில் எங்கள் பையை வாங்கிக்கொண்டவரை நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் பஸ் கண்டக்டர். மாப்பிள்ளையின் அண்ணனாம். பெண் பார்க்க வந்த அன்று டியூட்டியாம், மறுநாளே வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்களாம்.

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோடு போட்டுக்கிட்டு ஒரு அம்மா தெனம் வருதுன்னு பெரியவன் அப்பவே சொன்னானுங்க. யாருன்னு விசாரிச்சுக்கிட்டுத்தான் பொண்ணு பாக்க வந்தோம். அன்னைக்கிக் கோட்டக் காணோமா, சரி, வைத்தியம் முடிஞ்சிருச்சு போலன்னு சந்தோசப்பட்டோம்."

பக்கத்தில் சரோஜா இருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டது. வாயைத் திறக்க முடியாமல் திறந்து, "நல்ல சனம் அண்ணி. கலா பொழச்சுக்கும்" என்றாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பங்குனியில் போய்ச் சேர்ந்தாள்.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கரண்ட் வைப்பதற்கு முன்னால் அப்பாவைப் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், சொத்தைப் பல் இருந்தால் அப்புறம் பெரும் தொல்லை. காரம் ஆகாது, மோர்ச்சாதத்தைக் குழையப் பிசைந்து எடுத்துப் போங்கள். இப்போதெல்லாம் முகத்துக்கு அச்செடுத்து வலை மாதிரி ஒரு கவசம் செய்கிறார்கள், கோடெல்லாம் அதன்மேல்தான். போன மாதம் ஒரு சொந்தக்காரருக்குத் துணையாகப் போனபோது பார்த்தேன். முடிந்ததும் கவசத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தார்கள், அவர் வெறும் முகத்தோடு எழுந்து வந்தார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஒருவேளை அப்பாவின் உடம்பில் கோடு போட்டால், யார் வீட்டுக்கு வருவதாக இருந்தாலும் அதை அழிக்காதீர்கள். வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.