கம்பியைப் பிடித்த இசாவோ

உடம்பைத் தேய்த்துக் கழுவாமல் யாராவது வெந்நீர்த் தொட்டியில் இறங்கினால் எனக்கு ஆகாது. ஐம்பத்தாறு வருஷமாக இந்தக் குளியல் வீட்டு வாசலில் உயர்ந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள், இரண்டும் எனக்குத் தெரியும். துறைமுகக்காரன், மீன் சந்தைக்காரன், எருமை மாதிரி வேர்க்கும் கொத்தனார் என்று எல்லா நாற்றமும் பழகிவிட்டது. தெத்சு தெமாரி என்கிற பாட்டுக் குழுவின் ரசிகன் நாற்றம் மட்டும் இன்னும் பழகவில்லை.

எங்கள் தெருமுனையில் பழைய கிடங்கு ஒன்றைக் கச்சேரி மண்டபமாக மாற்றி விட்டார்கள். அங்கே வருஷத்துக்கு ஐந்தாறு தடவை அந்தக் கூட்டம் வரும். மூன்று பெண் பிள்ளைகள் பொம்மை மாதிரி பாவாடை கட்டிக்கொண்டு குழந்தைக் குரலில் பாடுவார்கள். பின்னால் நான்கு முகமூடிக்காரர்கள் இரும்புப் பட்டறை மாதிரி இடிப்பார்கள். இதற்கு நாலாயிரம் கண்ணாடி டம்ளரைத் தரையில் போட்டு உடைக்கலாம், அதுவும் பாட்டுத்தான். ரசிகர்கள் முகத்தில் வெள்ளைச் சாயம் அடித்து, கண்ணுக்குக் கீழே மூன்று சிவப்புக் கோடு போட்டுக்கொள்வார்கள். கச்சேரி முடிந்ததும் அதே முகத்தோடு என் தொட்டியில் இறங்குவார்கள். தண்ணீர் அரிசி களைந்த மாதிரி ஆகும். வடித்து, தேய்த்து, மறுபடி காய்ச்ச எனக்கு ஒரு முழு நாள் போகும்.

என் மாடி அறையில் பதினான்கு வருஷமாகக் குடியிருக்கும் முனெகாத்தா இசாவோ இந்தக் கூட்டத்தில் ஒருவன். வயசு ஐம்பத்தெட்டு. பால் வண்டி ஓட்டுகிறான். கிஃபு மலைப்பக்கம் பிறந்தவன். அங்கே பனியில் வளர்ந்ததாலோ என்னவோ ஆள் மேலே வளரவேயில்லை. நானே குள்ளம், என் காதுக்குத்தான் வருவான். பெண்டாட்டி இவனோடு ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, "உன்கூட இருக்கறதும் பீரோகூட இருக்கறதும் ஒண்ணு" என்று சொல்லிப் போய்விட்டாள். அவள் சொன்னது சரிதான். பேசமாட்டான். சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவி வைப்பான். வாடகையை ஒன்றாம் தேதி காலையில் கொண்டுவந்து வைப்பான். ஆளைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இருக்காது, நல்லதாகச் சொல்லவும் எதுவும் இருக்காது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த மண்டபத்துச் சிற்றுண்டிக் கடைக்குப் பால் இறக்கப் போனான். உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கையில் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டான். பால் திரிந்து போகும் வரை நின்றான் என்று கடைக்காரி சொன்னாள். அன்றைக்குப் பிடித்தது.

அதிலிருந்து தொண்ணூற்று நான்கு தடவை போய்ப் பார்த்திருக்கிறான். ஒசாக்கா, செந்தாய், ஒரு தடவை சப்போரோ வரைக்கும். தொண்ணூற்று நான்கு தடவையும் அவன் பார்த்தது முன்னால் நிற்பவனின் பிடரி. அங்கே நாற்காலி கிடையாது. எல்லாரும் நிற்பார்கள். மேடைக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. அந்தக் கம்பியைப் பிடித்து நிற்பவனுக்கு எல்லாம் தெரியும். இரண்டாவது வரிசைக்குப் பாதி. மூன்றாவதில் இசாவோ மாதிரி ஆளுக்கு வேர்வை நாறும் முதுகு மட்டும்.

இந்த வருஷம் அந்த மூவரில் முதல் பாடகியான கோத்தோ குழுவை விட்டு விலகுவதாகச் சொன்னார்கள். கடைசிக் கச்சேரி எங்கள் தெருமுனையிலேயே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு. இசாவோ பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"கடைசிப் பாட்டுல கோத்தோ ஒத்தக் கால்ல சுத்தி அப்படியே நிப்பா பெரியம்மா. பதினோரு வருஷமா அதைத் திரையிலதான் பாத்திருக்கேன். ஒரு தடவை நேர்ல பாத்துட்டாப் போதும்."

"அம்பத்தெட்டு வயசுல பொம்பளப் பிள்ளையோட காலப் பாக்கணுமா உனக்கு?"

"காலை இல்ல பெரியம்மா, ஆட்டத்த." காது வரைக்கும் சிவந்துபோனான்.

சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். வரும் சீட்டில் ஒரு எண் இருக்கும். அந்த எண் வரிசையில்தான் உள்ளே விடுவார்கள். ஒரு ஆள் ஒரு தடவைதான் பேர் கொடுக்கலாம். அதனால் இவர்கள் அம்மா பேர், அத்தை பேர் என்று செத்துப்போனவன் பேர் தவிர எல்லார் பேரையும் எழுதிப் போடுவார்கள். இசாவோவுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. என்னைக் கேட்காமல் என் பேரைப் போட்டிருக்கிறான், துணை ஆள் என்று தன் பேரையும். அவன் பேருக்கு ஒன்றும் விழவில்லை. என் பேருக்கு விழுந்தது. எனக்கு ஆறாம் எண், அவனுக்கு ஏழு.

மாடியிலிருந்து படி உருண்ட மாதிரி ஓடிவந்து தரையில் நெற்றி பட விழுந்தான்.

"பெரியம்மா, வாசல்ல அடையாள அட்டையில இருக்கற முகத்தப் பாத்துத்தான் விடுவாங்க. நீங்க வரலேன்னா நானும் போக முடியாது."

"எண்பத்தோரு வயசுல என்னைச் சாகடிக்கப் பாக்கறியா?"

"உள்ள வந்துட்டாப் போதும் பெரியம்மா. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

பதினான்கு வருஷத்தில் அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சரி என்றேன்.

ஆறும் ஏழும் கிடைத்த கதை எப்படியோ கம்பிக்காரர்கள் காதுக்குப் போய்விட்டது. கம்பிக்காரர்கள் என்றால் பன்னிரண்டு பேர். எந்த ஊரில் கச்சேரி நடந்தாலும் முன் கம்பி அவர்களுக்குத்தான். அவர்களில் நல்ல எண் கிடைத்த இரண்டு மூன்று பேர் முதலில் உள்ளே போவார்கள். ஒவ்வொருவனும் இரண்டு கையையும் விரித்துக் கம்பியில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்வான். இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு கட்டுவான். நானூறாம் எண் வாங்கிய கூட்டாளி நிதானமாக வந்து அந்தத் துண்டை அவிழ்த்துவிட்டு நிற்பான். நியாயமான எண்ணோடு வந்தவன் பின்னால் நின்று பல்லைக் கடிக்க வேண்டியதுதான். என் குளியல் வீட்டில் ஒருவன் கிண்ணத்தை வைத்துக் குழாய்க்கு இடம் பிடித்தால் அந்தக் கிண்ணத்தைத் தெருவில் எறிவேன். இவர்களை எறிய அங்கே யாரும் இல்லை.

அவர்களுக்குத் தலைவன் குருசு. மருந்து விற்பவன். பல் மட்டும் பளபளவென்று இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் குளிக்க வந்தான். இசாவோ பக்கத்துக் குழாயில் உட்கார்ந்து முதுகு தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஏழாம் நம்பராமே? ஜாதகம்தான் உங்களுக்கு. எனக்கு நானூத்திப் பன்னெண்டு விழுந்திருக்கு, பாருங்க அநியாயத்த."

இசாவோ முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"உங்களுக்கு வலது பக்கம் ரெண்டு துண்டு கட்டிடுங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு நம்ம ஹொசொயாவுக்கு. நாங்க கடைசியில வருவோம். அது வரைக்கும் பாத்துக்கங்க."

"அது… நம்பர்படி வர்றவங்க இருப்பாங்களே."

குருசு சிரித்தான். "கம்பியில யார் நிக்கறது, யார் நிக்கக் கூடாதுன்னு இத்தன வருஷமா யாருண்ணே முடிவு பண்றாங்க? நாலு பக்கமும் நம்ம பசங்கதான் நிப்பாங்க. நடுவுல நீங்க தனியா எத்தன நிமிஷம் நிப்பீங்க? உங்க உசரத்துக்கு?"

இசாவோ மூன்று தடவை தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். குருசு போன பிறகு வெளியே வந்தான்.

"ஒத்துக்கிட்டியாடா?"

"இல்ல பெரியம்மா."

பதினான்கு வருஷத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் பொய்.

கச்சேரி நாளில் காலை எட்டு மணிக்கே திறந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் ஒருத்தி வந்தாள். மிட்சுயோ என்று பேர், முதியோர் இல்லத்தில் வேலை, ஷிசுவோக்காவிலிருந்து வந்திருக்கிறாள். வயசு நாற்பது இருக்கும், உயரம் இசாவோவை விடக் குறைவு. தடித்த கண்ணாடி. மூன்று தடவை தேய்த்துக் கழுவிவிட்டுத் தொட்டியில் இறங்கினாள். போகும்போது கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு அது ஒன்றே போதும்.

"முதல் தடவையா வர்றேன் பாட்டி. எப்ப சீட்டு விழுந்தாலும் எங்க இல்லத்துல யாராவது படுத்துடுவாங்க. இந்தத் தடவ விழுந்தது ஒம்பதாம் நம்பர்!"

"ஒம்பதா? அப்ப எங்க பின்னாலதான் வருவே. கம்பி உனக்குத்தான் போ."

சொன்ன வாயை இப்போது அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மண்டப வாசலில் என் அட்டையைப் பார்த்த பையன் என் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பாட்டி, நீங்கதானா வர்றீங்க?"

"பின்ன என் பேயா வந்திருக்கு? விடுடா."

உள்ளே ஓடக்கூடாது என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். இசாவோ ஓடினான். நான் கைத்தடியோடு போய்ச் சேர்வதற்குள் கம்பியைப் பிடித்துவிட்டான். இடது பக்கம் கம்பிக்காரன் ஒருவன் கையை விரித்து நின்றான். வலது கோடியிலும் ஒரு தடியன். இசாவோவுக்கும் அந்தத் தடியனுக்கும் நடுவில் இரண்டு துண்டு கட்டியிருந்தது. இரண்டும் இசாவோவின் துண்டு. என் கொடியில் காயும் துண்டு எனக்குத் தெரியாதா?

மிட்சுயோ மூச்சு வாங்க வந்து நின்றாள். "இங்க… ஆள் வராங்களா?"

இசாவோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வராங்க."

"எத்தனாம் நம்பருடா வர்றாங்க?" என்று நான் கேட்டேன். "ஆறாம் நம்பரு நான் இங்க நிக்கறேன். ஒம்பதாம் நம்பரு இவ நிக்கறா. அதுக்கு முன்னால யாருடா வர்றது?"

"பெரியம்மா, தயவு செஞ்சு சும்மா இருங்க. உங்களுக்கு அந்த ஓரத்துல நாற்காலி போட்டிருக்காங்க. வயசானவங்களுக்கு."

"துண்ட அவுருடா."

"இன்னிக்கு விட்டா வேற நாள் இல்ல பெரியம்மா!" என்று கத்தினான். பீரோ கத்தியது. அவன் கண்ணில் வெறி இருந்தது. என் வீட்டில் பதினான்கு வருஷம் இருந்தவன் இவன்தானா என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

நானே ஒரு துண்டை அவிழ்த்தேன். "வாடி, நில்லு" என்று மிட்சுயோவை இழுத்தேன். அவள் கால் வைப்பதற்குள் வலது கோடித் தடியன் நகர்ந்து வந்து அந்த இடத்தில் வயிற்றை வைத்து அடைத்தான். அவன் விட்ட இடத்தில் பின்னால் வந்த இன்னொரு கம்பிக்காரன் நின்றான். அதற்குள் முந்நூறு நானூறு பேர் வந்து முதுகில் இடிக்க ஆரம்பித்தார்கள். மிட்சுயோ பின்னால் போய்விட்டாள். அவள் கை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. காவல்காரன் ஒருவன் என்னைத் தூக்காத குறையாக ஓரத்து நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தான். துண்டு கட்டியிருப்பதைச் சொன்னேன். "சரிங்க பாட்டி, சரிங்க பாட்டி" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

நாற்காலி மேடைக்குப் பக்கவாட்டில் உயரமாகப் போட்டிருந்தது. எனக்கு மேடையும் தெரிந்தது, கம்பியும் தெரிந்தது.

இடி ஆரம்பித்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இசாவோவைப் பார்த்தேன். இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தான். வலது கை மிஞ்சிய துண்டின் மேல். முழங்கையைப் பின்னால் நீட்டி நீட்டி இடித்தான். யாராவது ஒரு விரற்கடை முன்னால் வந்தால் திரும்பி முறைத்தான். ஒரு பாட்டுக்கு இருபது தடவை திரும்பினான். மூன்று முழம் தூரத்தில் கோத்தோ ஆடிக்கொண்டிருந்தாள். இவன் பின்னால் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிப் பாட்டு வந்ததும்தான் குருசு வந்தான். வேர்வை ஒரு பொட்டு இல்லை. மூன்றாவது வரிசையில் மாட்டிக்கொண்டு "அண்ணே! அண்ணே! இழுங்க!" என்று கையை நீட்டினான். இசாவோ கம்பிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கையாலும் அவனைப் பிடித்து இழுத்தான்.

அப்போதுதான் கோத்தோ ஒற்றைக் காலில் சுழன்று நின்றாள். இரும்புச் சத்தம் எல்லாம் நின்றுபோனது. நான் காதிலிருந்து பஞ்சை எடுத்தேன். அவள் மெதுவாக முன்னால் வந்தாள், நேரே இசாவோ நின்ற இடத்துக்கு. மண்டியிட்டு இரண்டு காலணியையும் கழற்றி, வீட்டு வாசலில் வைக்கிற மாதிரி மேடை விளிம்பில் ஜோடியாக வைத்தாள். எழுந்து வெறுங்காலோடு உள்ளே போனாள். விளக்கு அணைந்தது.

இசாவோ குருசுவை இழுத்து முடித்துவிட்டுத் திரும்பியபோது இருட்டு. விளக்கு வருவதற்குள் மேடை வேலைக்காரன் ஒருவன் காலணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இதைப் படம் பிடித்து வெளியிடப் போவதில்லை என்று கோத்தோ ஏற்கெனவே சொல்லியிருந்தாளாம்.

ஆறு மணிக்கெல்லாம் என் குளியல் வீடு நிரம்பிவிட்டது. ஆண்கள் பக்கத்தில் ஒரே சண்டை. காலணி முனையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாள் என்று. கம்பியில் நின்றவர்களே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சனங்களைப் பார்க்க வைத்தால் திரும்பி வருவாள் என்று அர்த்தமாம். உள்பக்கம் பார்க்க வைத்தால் முடிந்தது என்று அர்த்தமாம்.

"இதோ அண்ணன் இருக்காரே! கம்பியில நேரா நின்னாரு! அண்ணே, எந்தப் பக்கம்?"

இருபது பேர் அம்மணமாக அவனைச் சுற்றி நின்றார்கள். குருசுவும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான், அவனுக்கும் தெரியவில்லை.

"அது… அவ தனக்குன்னு வச்சது. சொல்லக் கூடாது" என்றான் இசாவோ. "ஆகா" என்று எல்லாரும் தலை குனிந்தார்கள்.

பெண்கள் பக்கம் மிட்சுயோ வந்தாள். கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. மிதிபட்டதைப் பின்வரிசையில் யாரோ தேடி எடுத்துக் கொடுத்தார்களாம். கச்சேரியில் மேலிருந்து தூவிய வெள்ளி நாடாவில் பாதியை வெட்டி ஒருத்தி கையில் கட்டிவிட்டாளாம். அதைக் காட்டிச் சிரித்தாள்.

"பாத்தியா ஏதாவது?"

"முதுகுதான் பாட்டி. பாட்டு கேட்டேன்."

இரண்டு பக்கத்துக்கும் நடுவிலிருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. சத்தமாகப் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். நான் இருக்கையிலிருந்து இறங்கிப்போய் அவள் காதில் சொன்னேன். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாள், எந்தக் காலணியை முதலில் கழற்றினாள், எழும்போது கையை எங்கே ஊன்றினாள், எல்லாம். அவள் தொட்டியில் முகத்தை மூழ்க வைத்துக்கொண்டு அழுதாள். தேய்த்துக் கழுவிய முகம், அழட்டும்.

எல்லாரும் போன பிறகு இசாவோ என் இருக்கைக்குக் கீழே வந்து நின்றான். வெள்ளைச் சாயம் இன்னும் கழுத்து மடிப்பில் இருந்தது.

"பெரியம்மா… நீங்க ஓரத்துலேருந்து பாத்திருப்பீங்களே."

"பாத்தேன்."

"எந்தப் பக்கம்?"

"குருசுவ இழுத்தியே, அவன் கையில எத்தன விரலுன்னு எண்ணிட்டியா?"

அவன் நின்றுகொண்டே இருந்தான். நான் மறுநாளைக்குத் துண்டு மடித்தேன். பிறகு போனான். ஒன்றாம் தேதி வாடகையோடு வந்து மறுபடி கேட்டான். நேற்றும் கேட்டான். சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவாமல் வைத்திருக்கிறான், அவன் கதை அப்படிப் போகிறது. மிட்சுயோவிடம் சொன்னதை இவனிடம் சொல்லப் போவதில்லை. எண்பத்தோரு வயசு எனக்கு. இது என்னோடு போகட்டும்.