வெள்ளைக் கமீலியாவின் பெயர்ச்சீட்டு

போன வாரம் என் மகள் ஆயர் குரோவில் சாலையோரச் செடிக்கடை ஒன்றிலிருந்து கமீலியாத் தொட்டி வாங்கிவந்து வாசலில் வைத்தாள். செடியின் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அட்டையில் வெள்ளைப் பூவின் படம். "அப்பா, நீங்கதான் அந்தக் காலத்துல கமீலியாவெல்லாம் பாத்த ஆளாச்சே. இது வெள்ளைதானே பூக்கும்?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்வி. ஆனாலும், ஐம்பது வயதைத் தாண்டியவன், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன், முழங்கால் உயரச் செடிக்கு முன்னால் பிடிபட்ட கோழித்திருடன் மாதிரி நின்றேன். "பூக்கட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு குவளைத் தண்ணீர் குடித்தேன். போதவில்லை. இன்னொன்றும் குடித்தேன்.

கமீலியாவுக்குப் பெரும்பாலும் வாசம் கிடையாது. ஆனால் அந்த இலையைப் பார்த்தாலே எனக்கு ஈர மரத்தூள் வாடை அடிக்கும். மரத்தூள் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஐஸ் கட்டியைச் சுற்றி வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மலாக்கா வெயிலில் பூச்செடிக்கு ஐஸ் வைத்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

அப்போது நான் கஜா பேராங்கில் பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கும் ஒரு செட்டிக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பெயரும் சாமியும் நம்முடையவை, பேச்சு முழுக்க மலாய். என் தமிழைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள், அவர்கள் கும்பிடும் பக்தியைப் பார்த்து நான் வெட்கப்படுவேன். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், மேட்டில், ஒரு ரப்பர் கம்பெனித் துரையின் பங்களா. கம்பெனி ஆபீசில் நான் சின்னக் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. கையெழுத்து அழகாக இருந்தது என் தலையெழுத்து. துரைசானி தன் தோட்டப் புத்தகத்தை எழுத என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எந்தச் செடி எப்போது வந்தது, எது துளிர்த்தது, எது செத்தது, எல்லாம் என் கையால்.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவன் மாரிமுத்து. ஊர் மொழியில் கெபுன். என் வயதுதான். உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் முதல் வாரமே மச்சான் ஆகிவிட்டோம். பங்களாவுக்குப் பின்னால் இருந்த வேலைக்காரர் அறையில் மனைவி, கைக்குழந்தையோடு இருந்தான்.

கமீலியா என்பது தேயிலைக்குப் பங்காளி. குளிரில் பிறந்தது. மண் புளிப்பாக இருக்க வேண்டும், சுண்ணாம்பு பட்டால் இலை மஞ்சளாகிவிடும். மலாக்காவிலோ பழைய சுவர் எல்லாம் சுண்ணாம்பு. வேர் மேலாகவே ஓடும், ஆழமாக நட்டால் மூச்சு முட்டும். காலை வெயில் மொட்டைச் சுடும். தண்ணீர் குறைந்தால் மொட்டு உதிரும், கூடினாலும் உதிரும். "இதுக்குப் பொண்டாட்டியே தேவல மச்சான், அவ எதுக்குக் கோவப்படறான்னாச்சும் தெரியும்" என்பான் மாரிமுத்து, பின்னால் மனைவி நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டு.

கேமரன் மலையில் இருந்த தோழி ஒருத்தி துரைசானிக்கு ஐந்து செடி அனுப்பினாள். அப்போது மலாக்காவுக்கு ரயில் கிடையாது, தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போயிருந்தான். தம்பின் ஸ்டேஷனுக்கு கம்பெனி லாரியில் போய் எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். ஒவ்வொரு செடியிலும் நூலில் கட்டிய காகிதச் சீட்டு, மசியால் எழுதிய பெயர். பாதி வழியில் மழை பிடித்தது. லாரிக்கு மேல்மூடி இல்லை.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாத நாட்களில் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. காகிதம் நனைகிறதே, மசி கரைகிறதே என்று கிராணி நெஞ்சு துடித்து, லாரியை நிறுத்தச் சொல்லி, ஐந்து சீட்டையும் அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டேன். ஒரு பொட்டு ஈரம் படவில்லை. பெருமையாக இருந்தது. நாலு மைல் தாண்டிய பிறகுதான், எந்தச் சீட்டு எந்தச் செடியில் இருந்தது என்ற கேள்வி வந்து முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தது.

மழை விட்டதும் ஒரு மரத்தடியில் லாரியை நிறுத்தி ஆராய்ச்சி செய்தேன். இரண்டு செடிக்கு இலை சின்னது. அவை சசாங்குவா வகை. அதன் பூ இதழ் இதழாக உதிரும், வெயிலையும் கொஞ்சம் தாங்கும். சரி, இரண்டு சீட்டு தீர்ந்தது. ஒன்றில் மொட்டு வெடித்து ரோஸ் நிறம் தெரிந்தது, கசக்கிய கைக்குட்டை மாதிரி இதழ் நெருங்கிப் பூக்கும் ரோஸ் ஜப்பானிக்கா. அதுவும் தீர்ந்தது. மிச்சம் இரண்டு, இரண்டும் ஜப்பானிக்கா. ஒன்று சிவப்பு, எங்கும் கிடைப்பது, நடுவில் மஞ்சள் மகரந்தம் தெரியும் திறந்த பூ. மற்றது வெள்ளை. ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இதழ் மேல் இதழ் அடுக்கி, நடுவில் மகரந்தமே தெரியாத அடுக்குப் பூ. துரைசானியின் அம்மா வீட்டு மரத்துப் பதியன், கப்பலில் வந்து மலையில் வளர்ந்தது. அம்மா செத்துப்போயிருந்தாள், மரத்தையும் வெட்டிவிட்டார்கள். துரைசானிக்கு அந்த ஒரு செடிதான் மிச்சம்.

இலையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பூத்தால்தான் தெரியும். நான் என்ன செய்தேன்? பையிலிருந்து காசை எடுத்துச் சுண்டினேன். ராணி தலை விழுந்தால் இடப்பக்கம் வெள்ளை. விழுந்தது. கட்டினேன். பங்களாவில் இறக்கும்போது என் முழியைப் பார்த்த துரைசானி, மழையில் நனைந்து காய்ச்சல் கண்டுவிட்டது என்று டீ கொடுக்கச் சொன்னாள்.

மாரிமுத்துவிடம் பெயர்களைப் படித்துச் சொன்னேன். "ஜப்பானிக்காவா? அவன் போயும் பூவா வந்து ஒக்காந்துட்டானா?" என்றான். சின்ன வயதில் அவன் அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போனது ஜப்பான்காரன்தான். திரும்பவில்லை. அவர்கள் இருந்த ரப்பர் தோட்டத்தின் பதிவேடுகளும் அப்போதே எரிந்துபோயின.

அதனால்தான் துரையிடமிருந்து ஒரு கடிதம் அவனுக்கு உயிர். மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்துவிட்டது. கொடி ஏறியது, தொண்டை கிழியக் கத்தினோம். குடியுரிமை மனுப் போட வேண்டும். இந்தியாவில் பிறந்து குழந்தையாக வந்த மாரிமுத்துவிடம், இத்தனை வருஷம் இங்கேதான் இருந்தான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உண்டு. துரையும் ஊருக்குத் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தார். கடிதத்தை நானே டைப் அடித்து மேசையில் வைத்தேன். "எப்பக் கையெழுத்து ஆகும், கிராணி?" என்று தினமும் கேட்பான். "இந்த வாரம்" என்பேன்.

செடிகளின் கதை இதற்குள் கெட்டிருந்தது. துரைசானி குளிருக்காகத் தொட்டிகளைச் சுற்றி ஐஸ் கட்டி வைக்கச் சொன்னாள். உருகிய தண்ணீர் வேரில் தேங்கி, 'சிவப்பு' என்று நான் கட்டிய செடி மூன்றாம் மாதமே அழுகிச் செத்தது. எங்கும் கிடைக்கிற சிவப்புதானே என்று யாரும் கவலைப்படவில்லை. செத்த குச்சியை நானே பார்த்து, புத்தகத்தில் எழுதினேன். மாரிமுத்து தொட்டியைக் கேட்டான், தெங்கேராவில் இருக்கும் அக்கா வீட்டில் கறிவேப்பிலை வைக்க. "எடுத்துட்டுப் போ மச்சான்" என்றேன். சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான்.

துரைசானி கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது 'வெள்ளை'யில் ஒரே ஒரு மொட்டு நின்றது. போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் வந்து அதன் முன்னால் நிற்பாள். ஒரு காலையில் மாரிமுத்து என்னைக் கூப்பிட்டான். பச்சைச் செதிலுக்கு நடுவே, கடுகளவு, சிவப்பு.

"வெள்ளைப் பூவுக்கு வெக்கம் வந்துருச்சு போல" என்றான் அவன்.

செத்துப்போனது எது என்று அந்த நொடியில் புரிந்தது. மொட்டைக் கிள்ளிவிடலாம். கமீலியா மொட்டு உதிர்வது தினசரி நடப்பு, ஒருவரும் கேட்க மாட்டார்கள். விரலை வைத்தும் விட்டேன். மாரிமுத்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"என்ன பண்ற? உட்றா. பாவம் அந்தம்மா, என்ன கலரோ, ஒரு பூவாச்சும் பாத்துட்டுப் போகட்டும்."

விட்டேன். மூன்றாம் நாள் பூ முழுக்க விரிந்தது. நல்ல சிவப்பு, நடுவில் மஞ்சள்.

துரைசானி கத்தவில்லை. உள்ளே போய்விட்டாள். துரையின் கார் டிரைவர்தான் வாயைத் திறந்தான், மாரிமுத்து ஒரு தொட்டியைச் சைக்கிளில் வெளியே கொண்டுபோனதைப் பார்த்தேன் என்று. துரை கணக்குப் போட்டுவிட்டார்: தெங்கேராவின் பணக்கார வீடுகளில் சீனப் பெருநாளுக்குப் பூச்செடி கேட்பார்கள், கெபுன் சீட்டை மாற்றிக் கட்டி வெள்ளையை உயிரோடு விற்றுவிட்டான். யோசித்துப் பாருங்கள், அதில் பாதி உண்மை. சீட்டு மாறியிருந்தது. வெள்ளை சைக்கிளில்தான் வெளியே போனது.

என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். புத்தகத்தைப் புரட்டி ஒரே கேள்வி கேட்டார்: செத்த செடியை நீ உன் கண்ணால் பார்த்தாயா?

பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி, அப்படியானால் சீட்டை மாற்றியது யார்? அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டும். அந்த நேரத்தில் நான் கவனித்தது எதை என்றால், துரையின் மீசையில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கை. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "இல்லை சார். கெபுன் சொன்னதைத்தான் எழுதினேன்."

மேசையிலிருந்த கடிதத்தை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். அவ்வளவுதான், அரை நிமிஷம்.

அறையைக் காலி செய்ய இரண்டு நாள் கொடுத்தார்கள். நானும் போய்ப் பாய் சுருட்டிக் கொடுத்தேன். "நீ ஏன்டா மூஞ்சத் தொங்கப்போட்டிருக்க? கேமரன் மலைக்காரன் மாத்தி அனுப்பிட்டான். நீ என்ன பண்ணுவ?" என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என் வேலை நிரந்தரமானது.

மாரிமுத்து தெங்கேராவில் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டு கிடைத்த வேலை செய்தான். மனு நிற்கவில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள கார்டோடே இருந்தான். பிறகு, குடியுரிமை இல்லாதவன் வேலை செய்யப் பத்திரம் வேண்டும் என்று சட்டம் வந்த சமயத்தில், பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறினான். வழியனுப்ப நான் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். உண்மையிலேயே வலித்தது, அதில் மட்டும் பொய் இல்லை.

பங்களாவை இடித்து மேட்டைச் சமப்படுத்தி வரிசை வீடு கட்டிவிட்டார்கள். கம்பெனி கைமாறியபோது பழைய புத்தகங்களோடு தோட்டப் புத்தகமும் போனது. ஐஸ் தொழிற்சாலை இருந்த இடத்தைக் கேட்டால் சின்னப் பையன்களுக்குத் தெரியவில்லை. என்னைக் கிராணி என்று கூப்பிட ஊரில் ஆள் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், புக்கிட் காதிலுக்குக் குடிபோயிருந்த மாரிமுத்துவின் அக்காவிடம் அவன் விலாசம் வாங்கி எழுதினேன். சட்டைப் பை, சுண்டின காசு, துரையிடம் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. ஆனால் நான் நான்தானே, கை சும்மா இருக்குமா? மீசையில் ரொட்டித் துணுக்கையும் சேர்த்துத்தான் எழுதினேன். அவன் மகள் கையால் எழுதிய பதில் வந்தது: "அப்பா படிக்கச் சொல்லிக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார்கள். கிராணிக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லை என்கிறார்கள். மலைக்காரன் செய்த தப்பு என்று அன்றைக்கே தெரியுமாம். தனக்காகப் பழியைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டாமாம். உங்கள் நல்ல மனசு யாருக்கும் வராது என்று சொல்லச் சொன்னார்கள்."

மறுபடி எழுதினேன். இந்த முறை வேடிக்கை ஒன்றும் இல்லை. எங்கே சிரிப்பு வரும் என்று தோன்றியதோ அங்கெல்லாம் அடித்துவிட்டு, நாலு தரம் பிரதி எடுத்து அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அந்த உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. மேலே, முகம் தெரியாத தபால்காரர் ஒருவர் நீல மையில் எழுதியிருந்தார்: பெறுநர் காலமானார்.