பன்னிரண்டு வயதுத் தோழி

இணையப் பாதுகாப்பு ஆணையத்தில் கொள்கை மேலாளரான அவளுக்கு அலுவலகத்தில் பட்டப்பெயர் சந்தேகப் பிராணி. “சிறுவர் அரட்டைக்குள்ள பெரியவங்க நுழையவே முடியாது” என்று ஒரு நிறுவனம் அடித்துச் சொன்னதும் அவளுக்கு மூக்கில் வியர்த்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமியாக வேடம் கட்டி அவளே உள்ளே நுழைந்தாள். உடனே இன்னொரு சிறுமி வந்து ஒட்டிக்கொண்டு, “வீட்டுல தனியா இருக்கியா?” என்றாள். எந்தக் கிழட்டு நரியோ என்று கொதித்துப்போய், நிறுவனத்திடம் புகார் கொடுத்தாள்.

பக்கத்து அறை ஆய்வாளர் துள்ளிக்கொண்டு வந்தார். “மேடம், ஒருத்தன் மாட்டிக்கிட்டான்! சின்னப் பொண்ணாம், கமா தப்பாம எழுதுறான். நானும் சின்னப் பொண்ணா நடிச்சு, ‘வீட்டுல தனியா இருக்கியா’ன்னு தூண்டில் போட்டேன். புகாரும் குடுத்துட்டேன்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் இருவருக்கும் நிறுவனத்தின் பதில் வந்து விழுந்தது: “தீர விசாரித்துவிட்டோம். அவர் சிறுமியேதான். தயங்காமல் பேசலாம்.”